விடுபட்ட பூஜ்யம்

அத்தியாயம் 11

மூன்று வாரங்களுக்கு முன் பதினொரு மீன்கள் செத்துப்போயின. வினை அங்கேதான் தொடங்கியது.

விடாமல் படித்து வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக உள்ளே வருகிறவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு. ஆறாயிரம் பேர். நடத்துபவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். குழுவில் அவளுக்குப் பெயர் அட்மின் அக்கா. அவள் கூடப் பிறந்த தம்பி ஒரு லிஃப்ட் மெக்கானிக். குழுவில் அவன் 'சுறா'. எந்த மீனுக்கு என்ன நோய் வந்தாலும் ஆறாயிரம் பேரும் முதலில் தேடுவது சுறாவைத்தான்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டும் டிரைவர் ஒருவர், தன் மீன்களுக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி வந்திருக்கிறது, மருந்து பாட்டிலில் புரியாத பாஷையில் எழுதியிருக்கிறது, எவ்வளவு விடுவது என்று கேட்டார். சுறா அளவு சொன்னான். மறுநாள் விடிவதற்குள் பதினொன்றும் போய்விட்டன. நீங்கள் சொன்னபடி பத்து லிட்டருக்கு ஐந்து மில்லிதானே விட்டேன் என்று டிரைவர் எழுத, நூறு லிட்டருக்கு என்றுதான் எழுதினேன், கண்ணைத் திறந்து படியுங்கள் என்று சுறா பதில் போட்டான். எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். நூறு என்றுதான் இருந்தது.

அன்றிலிருந்து டிரைவருக்குப் 'பத்து லிட்டர்' என்று பெயர் விழுந்தது. கேலி முந்நூறு கமெண்டைத் தாண்டியதும் அட்மின் அக்கா அந்தப் பக்கத்தைப் பூட்டினாள். இரண்டு பேரும் இனி இதைப் பற்றிப் பேசக் கூடாது என்று சமாதானம் செய்து வைத்தாள். சமாதானமும் இருந்தது, போன வாரம் வரைக்கும். போன வாரம் யாரோ டிரைவர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கே புகார் அனுப்பிவிட்டார்கள். மீன் மருந்தின் அளவைப் படிக்கத் தெரியாதவர் கையில் நாற்பது பிள்ளைகளா என்று கேட்டிருந்தார்கள். அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, விசாரணை முடியும்வரை ஷெட்டில் பஸ் கழுவச் சொல்லியிருந்தது நிர்வாகம்.

இன்று வியாழக்கிழமை. விசாரணை நாளைக் காலை பத்து மணிக்கு.

கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு அக்கா உள்ளே வந்தபோது டிரைவரின் செய்தி காத்திருந்தது. குழுவில் நடந்தது ஒரு சண்டைதான், அதற்கும் தன் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று குழுவின் சார்பில் ஒரு கடிதம் தர முடியுமா என்று கேட்டிருந்தார். தொந்தரவுக்கு மன்னிக்கச் சொல்லி இரண்டு இடத்தில் எழுதியிருந்தார்.

தருவதாகப் பதில் போட்டாள். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தையும் வராமல், டிரைவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை வருகிற மாதிரி ஒரு கடிதம். அதில் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தாள்.

கவுன்ட்டரில் ஆள் வராத நேரம் பார்த்து எழுதத் தொடங்கினாள். இருபது வருஷம் மருந்துக் கடையில் நின்றவளுக்குத் தேதியும் மணியும் இல்லாமல் எதையும் எழுத வராது. எந்தப் பதிவு எப்போது போடப்பட்டது என்று குறித்துக்கொள்ள, பூட்டி வைத்த பக்கத்தைத் திறந்தாள்.

சுறாவின் பதிவுக்கு அடியில் 'திருத்தப்பட்டது' என்று பொடி எழுத்தில் இருந்தது. அதில் விசேஷம் ஒன்றுமில்லை. எழுத்துப் பிழை திருத்துகிறேன் என்று எல்லாப் பதிவையும் நாலு தடவை தட்டிப் பார்க்கிறவன் அவன். பழைய வடிவத்தை அட்மின் மட்டும்தான் பார்க்க முடியும். சரியான மணி வேண்டுமே என்று அதைத் தொட்டாள்.

இரவு 9.41. 10 லிட்டருக்கு 5 மி.லி.

காலை 6.12. 100 லிட்டருக்கு 5 மி.லி.

செத்த மீன்களின் படத்தை டிரைவர் போட்டது காலை 5.50க்கு.

கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து மருந்துச் சீட்டை நீட்டினாள். காய்ச்சல் சிரப். அக்கா சீட்டைப் படித்தாள். மறுபடி படித்தாள். எண் மனதில் நிற்கவில்லை. கூட வேலை பார்க்கிறவளைக் கூப்பிட்டு, இதைக் கொஞ்சம் வாய்விட்டுப் படி என்றாள். அவள் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் படித்தாள். இரண்டரை மில்லி, மூன்று வேளை.

அந்தக் கடையில் தவறு நடந்தால் எழுதி வைக்க ஒரு நோட்டு உண்டு. யார், எந்த மருந்து, எவ்வளவு, எப்போது தெரிந்தது, யாரிடம் சொன்னார்கள். அதில் அக்காவின் கையெழுத்தும் இரண்டு இடத்தில் இருக்கிறது. எழுதும்போது அவமானமாகத்தான் இருந்தது. எழுதிய பிறகு வீட்டுக்குப் போய்த் தூங்கவும் முடிந்தது.

தம்பியின் இருபத்திரண்டு நிமிஷத்தைவிட அவளை அதிகமாகக் குத்தியது வேறு ஒன்று. எழுதியது வேறு யாராவதாக இருந்திருந்தால் முதல் நாளே அந்தப் பொடி எழுத்தைத் தொட்டிருப்பாள். மூன்று வாரமாக அவள் விரல் அந்தப் பக்கம் போகவே இல்லை.

எழுதிய வரைக்கும் கடிதத்தை அழித்தாள்.

*

பன்னிரண்டு மாடி ஆபீஸ் கட்டடம். கீழே லிஃப்ட் வாசலில் 'பழுது பார்க்கப்படுகிறது' என்று பலகை மாட்டியிருந்தது. தம்பியின் கையெழுத்து. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா படியேறினாள். ஏழாவது மாடியில் மூச்சு வாங்கியது. நின்று, வந்த கோபம் குறைந்துவிடுமோ என்று பயந்து மறுபடி ஏறினாள்.

மொட்டை மாடி மோட்டார் அறையில் தம்பி குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரும்புக் கயிற்றுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயது. முன்தலையில் முடி கழன்று, நெற்றி இரண்டு பங்காகிவிட்டது. அக்காவைப் பார்த்ததும் சிரித்தான். பன்னிரண்டு மாடியும் ஏறி வந்தியா, ஒரு போன் பண்ணியிருந்தா லிஃப்ட்டை ஓட்டி விட்டிருப்பேனே என்றான்.

அவள் போனை எடுத்து அவன் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

அவன் படித்தான். சிரிப்பு அப்படியே நின்றது. கையில் இருந்த துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். கிரீஸ் போகவில்லை, பரவியது.

"டைப் பண்ணும்போது ஒரு சைபர் விட்டுப்போச்சுக்கா."

"அது தெரியுது. மாத்தினியே, அது?"

அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். வேறு யாராவது அதைப் பார்த்து அதே அளவைப் போட்டுவிடக் கூடாதே என்றுதான் அவசரமாக மாற்றினேன் என்றான். அது பொய்யில்லை என்று அவளுக்குப் பட்டது. மாற்றியவன் கீழே ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கலாமே என்று கேட்டாள். எழுதத்தான் நினைத்தேன் என்றான். அதற்குள் டிரைவரின் பதிவுக்குக் கீழே பத்துப் பேர் வந்துவிட்டார்கள், சுறா அப்படி எழுதியிருக்கவே மாட்டார் என்று அவனுக்காகச் சண்டை போட்டார்கள். அதைப் படித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தானாம். ஒரு மணி நேரம் கழித்து, தான் எழுதியது நூறுதான் என்று அவனுக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டதாம்.

"ஒன்பது வருஷமா அந்தக் குழுவுல இருக்கேன்கா. இந்த வேலையில என்னை எவனும் சார்னு கூப்பிட்டதில்லை. லிஃப்ட் ஓடினா நான் யாருன்னு தெரியாது, நின்னாத்தான் தேடுவாங்க. அங்க மட்டும்தான் ஆறாயிரம் பேர் நான் சொல்றதைக் கேட்டாங்க."

கீழே எந்த மாடியிலோ யாரோ லிஃப்ட் பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். பேனலில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது.

"ஸ்கூலுக்கு லெட்டர் போட்டது நீயா?"

இல்லை என்றான். திரும்பி அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னான். அம்மா மேல் ஆணை என்றான். ஆணையெல்லாம் வேண்டாம் என்றாள்.

அவன் கெஞ்ச ஆரம்பித்தான். நாளை விசாரணை முடியட்டும், நீ நல்லபடியாகக் கடிதம் கொடு, அவருக்கு வேலை திரும்பக் கிடைத்துவிடும், பிறகு நானே அவர் வீட்டுக்குப் போய் மீன் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். குழுவில் மட்டும் சொல்ல வேண்டாம். அவரைப் பேசினதைவிட என்னைப் பத்து மடங்கு பேசுவார்கள்.

"நீ எனக்கு அக்காதானே?"

"அதனாலதான்டா மூணு வாரமா பார்க்காம இருந்தேன்."

சாயந்திரம் ஆறு மணி வரை அவனுக்கு நேரம் கொடுத்தாள். அதற்குள் அவனே எழுத வேண்டும். இல்லாவிட்டால் பழைய வடிவத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் போடுவாள். சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

*

கடையில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் இருந்த பஸ் ஷெட்டுக்குப் போனாள். ஆறு மஞ்சள் பஸ்கள். நான்காவதின் டயருக்குப் பக்கத்தில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு ஒருவர் குழாயோடு நின்றார். குழுவில் சின்ன வட்டத்துக்குள் பார்த்த முகத்துக்கு இப்படி ஒரு உயரம் இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. புதிதாகக் கண்ணாடி போட்டிருந்தார். மூக்கில் இன்னும் பழகாமல் அடிக்கடி ஏற்றிவிட்டுக்கொண்டார்.

அட்மின் மேடம் நேரிலேயே வருவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை என்று சொல்லி, பஸ் படியைத் துடைத்து உட்காரச் சொன்னார். கடிதத்துக்காக வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நிர்வாகம் கொடுத்த காகிதங்களைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்தார். மேலே இருந்தது அவர் நேற்று எழுதிக் கொடுத்த விளக்கம். கொட்டை எழுத்தில் ஒரு பக்கம். ஐந்தாவது வரியில் அவள் கண் நின்றது.

'ஒருவேளை நான் எண்ணைத் தவறாகப் படித்திருக்கலாம்.'

"இப்படியா எழுதிக் குடுத்தீங்க?"

"வேற என்ன எழுதறது மேடம்? நான் பார்த்தப்ப பத்துதான். சத்தியமா பத்து. திரும்பப் போய்ப் பார்த்தா நூறு. முந்நூறு பேரும் நூறுங்கறாங்க. அப்ப தப்பு என் கண்ணுலதானே இருக்கணும்?"

அதனால்தான் கண் டாக்டரிடம் போனாராம். பார்வையில் பெரிய குறையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர்தான் விடாமல் கேட்டு ஒரு கண்ணாடி எழுதி வாங்கினார். பஸ்ஸிலிருந்து இறக்கியது கூட நியாயம்தான் என்று சில சமயம் தோன்றுகிறது என்றார். போன மாதம் சிக்னலில் சிவப்பைச் சிவப்பாகத்தான் பார்த்தோமா என்று இப்போது படுக்கையில் யோசனை வருகிறதாம். தொட்டி அவருடைய மகளுடையது. மேல்படிப்புக்கு வெளியூர் போகும்போது அப்பாவை நம்பி விட்டுப் போனாள். வாரா வாரம் வீடியோவில் கூப்பிட்டு மீனைக் காட்டச் சொல்கிறாள். கேமரா ரிப்பேர் என்று மூன்று வாரமாகச் சமாளிக்கிறார்.

அக்காவால் அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"நீங்க சரியாத்தான் படிச்சீங்க. பத்துதான் எழுதியிருந்தது. அப்புறம் மாத்தியிருக்காங்க."

போனைக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். போட்டுக்கொண்டு பார்த்தார். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தத் தோன்றாமல் பஸ் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

யார் மாற்றியது என்று கேட்டார். எழுதியவரேதான் என்றாள்.

"சுறா உங்க தம்பின்னு சொல்றாங்களே. நிஜமா?"

"ஆமா."

அவர் தலையை ஆட்டினார். நல்லது என்றோ பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. சொல்வார் என்று எதிர்பார்த்திருந்ததை நினைத்து அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. இதையெல்லாம் எழுத்தில், கையெழுத்தோடு வேண்டும் என்றார். தருகிறேன் என்றாள். தன் விளக்கத்தை வாபஸ் வாங்க விடுவார்களா என்று அவரே தன்னிடம் கேட்பது போல் கேட்டுக்கொண்டார்.

பிறகு அடுத்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். புகார்க் கடிதம். அச்செடுத்தது. கீழே 'ஒரு பெற்றோர்' என்று மட்டும் இருந்தது.

அக்கா படித்தாள். ஏழு குற்றச்சாட்டு, ஏழுக்கும் எண். ஒவ்வொன்றுக்கும் நாள், நேரம், இணைப்பு எண். ஒரு சொல் கூடச் சூடாக இல்லை. கடைசியில், மூன்று வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தேவை, தவறினால் அடுத்த நிலை அதிகாரிக்குக் கொண்டுசெல்லப்படும்.

இரண்டாவது பத்திக்கு வந்தவள் முதல் வரியிலிருந்து மறுபடி படித்தாள். இதே நடையில் இதற்கு முன் ஒரு கடிதம் படித்திருக்கிறாள். உடைந்த வாஷிங் மெஷினைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு ஒரு மாதம் இழுத்தடித்த கம்பெனிக்கு, தம்பி மனைவி அவளுக்காக எழுதிக் கொடுத்தது. இரண்டே நாளில் புது மெஷின் வந்து இறங்கியது. தம்பி மனைவிக்கு ஒரு கூரியர் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. ஒரு நாளைக்கு அறுபது புகார் படிக்கிறவள்.

"இதை யார் எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்? எனக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம். அவங்க முகத்தை ஒரு தடவை பார்க்கணும்."

"இன்னும் தெரியலைங்க" என்றாள் அக்கா.

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே பயமாகப் போய்விட்டது. இருபத்திரண்டு நிமிஷம் கூடத் தேவைப்படவில்லை.

*

தம்பி வீடு மூன்றாவது மாடி. ஹாலின் ஒரு சுவர் முழுக்க ஆறு தொட்டிகள். டிவி வைக்க இடமில்லை என்று டிவியைப் படுக்கை அறைக்குத் தள்ளியிருந்தார்கள். தம்பி மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். நாள் முழுக்க ஹெட்போன் அழுத்திய தடம் தலைமுடியில் பள்ளமாகத் தெரிந்தது.

வாங்க அண்ணி என்றவள், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு உபசாரம் பேசவில்லை.

அக்காவும் சுற்றி வளைக்கவில்லை. புகாரைப் படித்தேன், நீதானே என்றாள்.

ஆமாம் என்று அவள் உடனே ஒப்புக்கொண்டாள். ஒளிக்கிற எண்ணமே இல்லை. நீங்கள் சமாதானம் சமாதானம் என்று இரண்டு பக்கத்தையும் ஒரே தட்டில் வைத்தீர்களே, அதில் யார் பக்கம் நியாயம் என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா என்று கேட்டாள். மூன்று வாரமாக இவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ராத்திரி எழுந்து தொட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஒன்பது வருஷம் ஊருக்கு உழைத்தவரைப் பொய்யன் ஆக்கிவிட்டு ஒருத்தர் நிம்மதியாக வேலைக்குப் போய் வருவார், நான் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமா?

"பெத்தவங்கன்னு கையெழுத்துப் போட்டிருக்கியே."

அவள் முகம் மாறியது. அது மட்டும் தப்புதான் என்றாள். பேர் போட்டால் இவர் பேர் வெளியே வரும் என்று அப்படிப் போட்டாளாம். மற்ற ஏழு பாயின்ட்டும் ஆதாரத்தோடு இருக்கிறது, அதில் ஒன்றைப் பொய் என்று காட்டட்டும் பார்க்கலாம்.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. தம்பி எவ்வளவு நேரமாக நின்றுகொண்டிருந்தான் என்று தெரியாது. உள்ளே வந்து, மனைவியை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்ப்பது போல் பார்த்தான்.

"நீயா எழுதின?"

"உங்களுக்காகத்தான்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "நூறுன்னுதானே எழுதினீங்க? அண்ணிகிட்ட நீங்களே சொல்லுங்க."

தொட்டிகளில் காற்றுக் குமிழ் மேலே வந்து உடையும் சத்தம் ஹால் முழுக்க இருந்தது. அக்கா போனைக் கையில் வைத்திருந்தாள். நீட்டவில்லை. தான் காட்டித் தம்பி மனைவி இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று தோன்றியது.

"பத்து" என்றான் தம்பி.

தம்பி மனைவி உள்ளே போய்ப் புகாரின் நகலையும் ஒரு பேனாவையும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"ஏழு பாயின்ட். எது எது பொய்னு நீங்களே டிக் போடுங்க."

அவன் பேனாவைத் தொடவில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள். தினம் அறுபது பேருடைய பொய்யையும் மெய்யையும் படிக்கிறேன், ஒரு வரியிலேயே தெரிந்துவிடும், வீட்டில் மட்டும் படிக்காமலே நம்பினேன் என்றாள். அதைக் கூட யாரிடமும் சொல்வதாக இல்லாமல், தொட்டிக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். தம்பி பேனாவை எடுத்தான். நான்கு டிக் விழுந்தது. ஐந்தாவதில் கை நின்றது, பிறகு அதிலும் விழுந்தது.

ஆறு மணிக்கு ஏழு நிமிஷம் இருந்தது. தம்பி போனை எடுத்து எழுத உட்கார்ந்தான். எழுதியதை முதலில் மனைவியிடம் நீட்டினான். கைதவறி ஒரு பிழை நேர்ந்துவிட்டது, அதைச் சரிசெய்யும் அவசரத்தில் தகவல் சொல்ல விட்டுப்போய்விட்டது என்று நீளமாகப் போயிருந்தது.

"கைதவறினது பத்து. நூறு கைதவறலை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

மறுபடி எழுதினான். 'டிரைவர் சரியாகத்தான் படித்தார். நான் எழுதியது பத்து. மீன்கள் செத்ததைப் பார்த்த பிறகு நூறு என்று மாற்றினேன், மாற்றியதை மறைத்தேன். அவரைக் கேலி செய்தவர்கள் என் பொய்யை நம்பித்தான் செய்தார்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.' ஆறு மணிக்கு அது குழுவில் ஏறியது. கீழே அக்கா பழைய வடிவத்தையும் புதியதையும் வைத்தாள். உறவு காரணமாக இதை மூன்று வாரம் பார்க்காமல் விட்டது தன் குற்றம் என்று தன் பெயரில் எழுதினாள்.

கால் மணி நேரத்தில் தொண்ணூறு கமெண்ட். சுறாவைத் தெய்வம் மாதிரி கொண்டாடியவர்கள்தான் முதலில் வந்தார்கள். மீனைக் கொன்ற கை லிஃப்ட்டில் எத்தனை பேரைக் கொல்லுமோ என்று ஒருவர் எழுதினார். இவர் எந்தக் கம்பெனி, யாராவது விசாரித்துச் சொல்லுங்கள், ஒரு மெயில் தட்டிவிடலாம் என்று இன்னொருவர். 'பத்து லிட்டர்' என்று டிரைவருக்குப் பெயர் வைத்த ஆள் அவர்தான்.

அந்த ஆளை அக்கா குழுவிலிருந்து நீக்கினாள். யார் வேலையிடத்தையும் இங்கே தேடுகிறவர்களுக்கு இடமில்லை, அது டிரைவருடையதாக இருந்தாலும் சுறாவுடையதாக இருந்தாலும் ஒன்றுதான் என்று எழுதிப் பக்கத்தின் உச்சியில் ஒட்டினாள். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். இப்போது தம்பி அடிபடும்போதுதானா ஞாபகம் வந்தது என்று யாரோ உடனே கேட்டார்கள். அதை அவள் அழிக்கவில்லை. அதில் உண்மை இருந்தது.

ஆறரைக்கு டிரைவரிடமிருந்து தனியாக ஒரு செய்தி.

'பார்த்தேன் மேடம். மகளுக்கும் அனுப்பிட்டேன். லெட்டர் எழுதினது யாருன்னு தெரிஞ்சுதா?'

அக்கா அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஆனால் தம்பி மனைவி பக்கத்தில்தான் இருந்தாள், படித்துவிட்டாள். அந்தப் புகாரை வாபஸ் வாங்குவதாக ஒரு மெயில் அனுப்பிவிட்டால் போதாதா என்று தம்பி கேட்டான். 'ஒரு பெற்றோர்' பெயரிலேயே அனுப்பலாமே. பொய்யாகப் பெற்றோர் என்று சொன்னது வெளியே தெரிந்தால் பள்ளிக்கூடம் சும்மா விடாது, இவள் கம்பெனிக்குத் தெரிந்தால் புகார்ப் பிரிவிலேயே வைத்துக்கொள்வார்களா?

அக்காவுக்கும் அந்த வழி தெரிந்துதான் இருந்தது. யாருக்கும் நஷ்டமில்லாத வழி. அவள் வாயைத் திறப்பதற்குள் தம்பி மனைவி கையை நீட்டினாள்.

"போனைக் குடுங்க அண்ணி."

வாங்கி, டிரைவரின் எண்ணைத் தொட்டு, காதில் வைத்துக்கொண்டாள். சொல்லுங்க மேடம் என்று அந்தப் பக்கம் கேட்டது மற்ற இருவருக்கும் கூடக் கேட்டது.

"மேடம் இல்லைங்க. அந்த லெட்டரை எழுதினது நான். சுறாவோட மனைவி."

அவள் காத்திருந்தாள். பேசாமல் இருக்கும் வாடிக்கையாளருக்காகக் காத்திருந்து பழகியவள். கடைசியில் அவர் ஏதோ கேட்டார். இவள் கட்டடத்தின் பெயரையும் தெருவையும் மாடியையும் நிதானமாகச் சொன்னாள். வாங்க, இருக்கோம் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

இப்பவேவா என்று தம்பி எழுந்துவிட்டான். இப்பவே என்றாள். அவன் சட்டையிலிருந்த கிரீஸைப் பார்த்துக்கொண்டான். மாற்றிக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் நடு ஹாலில் நின்றான்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப் போனாள். அவர் வந்து கோபமாகப் பேசினால் எப்படித் தொடங்குவது, தம்பியை எங்கே உட்கார வைப்பது என்று அவள் மனது அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது.

"நீங்க கிளம்புங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி. மரியாதையாகத்தான் சொன்னாள். "நீங்க இருந்தா சமாதானம் பண்ணி வெச்சுடுவீங்க."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் இரு என்று சொல்லவில்லை.

கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம், மூடியிருந்த ஒரு கடையின் படியில் நின்றாள். தெரு விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. மூன்றாவது மாடி ஜன்னலில் தொட்டிகளின் நீல வெளிச்சம் தெரிந்தது.

இருபது நிமிஷம் கழித்து ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது. டிரைவர் இறங்கினார். பின்னால் உட்கார்ந்திருந்த இன்னொருவரும் இறங்கினார். வெள்ளைச் சட்டை, கையில் பள்ளிக்கூடத்தின் பெயர் போட்ட கோப்பு. டிரைவர் மேலே ஜன்னலைக் காட்டி அவரிடம் ஏதோ சொன்னார். அந்த ஆள் கோப்பைத் திறந்து, ஒரு காகிதத்தைச் சரிபார்த்துவிட்டு, முதலில் உள்ளே போனார்.

கூப்பிட்டுத் தம்பியை எச்சரிக்கலாம். அக்கா போனை எடுத்தாள், எண் வரைக்கும் போனாள். பிறகு அதைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

மேலே, ஜன்னலில் இரண்டு நிழல் நான்காயிற்று.